பட்டினிக் கடல்

நீலகிரி மலையில் எங்கள் ஊர் கட்டபெட்டில் மழைக்கும் பனிக்கும் குறைச்சல் கிடையாது. கடலுக்குத்தான் குறைச்சல். அந்தக் குறையைத் தீர்த்து வைத்த ஆள் நான். கடைவீதியில் என் உரக்கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டு முன்னறையில் நாலு அடி நீளத்துக்கு ஒரு கடல். கண்ணாடித் தொட்டிதான். ஆனால் உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர், கோமாளி மீன் இரண்டு, மஞ்சள் மீன் ஒன்று, பாறை, பாறை மேல் பவளம். கீழே கோயமுத்தூரில் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் தண்ணீரைக் குளிர வைக்க மெஷின் வாங்குகிறார்கள். நான் சூடாக்க இரண்டு ஹீட்டர் வாங்கினேன்.

"மீனுக்குக் கெடைக்கிற வெந்நீர் நமக்குக் கெடைக்கறதில்லீங்க" என்று மார்கழியில் சசிரேகா சொல்வாள். சசிரேகா என் மனைவி. அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். இருபது வருஷமாக அவளிடம் நான் கண்ட ஒரே குறை அதுதான்.

எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'சீரோ சிவகுரு'. திட்டுவதற்கு வைத்த பெயர் இல்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று இந்த மலையில் கடல் தொட்டி வைத்திருக்கிற பதினாலு பைத்தியங்கள் சேர்ந்து 'மலைமேல் கடல்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் அவரவர் தண்ணீரைச் சோதித்து, அந்தக் குப்பியைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும். பாஸ்பேட் சோதனை. மீன் தின்றது, கழித்தது, தின்னாமல் அழுகியது எல்லாம் தண்ணீரில் பாஸ்பேட்டாகச் சேரும். ரொம்பச் சேர்ந்தால் தொட்டி முழுக்கப் பாசி பிடிக்கும். குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்தும் பொடியும் போட்டுக் குலுக்கினால், பாஸ்பேட் இருக்கும் அளவுக்கு நீலம் ஏறும். மற்றவர்கள் குப்பியில் ஏறும். என் குப்பியில் ஏறாது. இரண்டு வருஷமாக என் குப்பி டம்ளரில் பிடித்த குடிதண்ணீர் மாதிரி நிற்கும். பூஜ்யம்.

"சிவகுரு சார், எப்படி சார்?" என்று குன்னூர் ஈவ்லின் டீச்சர் வாராவாரம் கேட்பார். நானும் வாராவாரம் அடக்கமாக, "உழைப்புதான் டீச்சர்" என்று போடுவேன்.

உழைப்பு என்ன உழைப்பு! துருப்பிடித்த இரும்பைப் பொடித்த மாதிரி ஒரு குருணை கடையில் கிடைக்கிறது. வலைப்பையில் கட்டித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தொங்கவிட்டால் பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொள்ளும். மற்றவர்கள் கைப்பிடி போட்டால் நான் மூணு கைப்பிடி போட்டேன். மீனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி. மூணு மீனுக்கும் சேர்த்து ஒரு சிட்டிகை. கண்ணாடி தினமும் துடைக்கப்படும். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குத் துடைக்கப்பட்ட இன்னொரு பொருள் என் கர்வம் மட்டும்தான்.

தொட்டி நடுவில் ஒரு பாறை. அதன் மேல் என் பொத்தான் பவளம். சட்டைப் பொத்தான் அகலத்துக்குச் சின்னச் சின்னதாய், பச்சை நடுவில் ஆரஞ்சு விளிம்போடு, பூ விரிந்த மாதிரி நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றையும் 'தலை' என்று சொல்வோம். நாலு வருஷத்துக்கு முன் பெங்களூரில் ஒரு பவளப் பண்ணையிலிருந்து எட்டுத் தலை வாங்கி வந்தேன். அது நூற்று நாற்பது ஆயிற்று. எண்ணினேனா என்று கேட்கிறீர்களா? பிள்ளை இல்லாத வீட்டில் மனுஷன் எதையாவது எண்ணத்தான் செய்வான்.

இந்த வருஷம் தை பிறந்ததும் அந்தப் பச்சை வெளிற ஆரம்பித்தது. முதலில் ஆரஞ்சு போயிற்று. பிறகு பச்சை, பலமுறை துவைத்த பள்ளிக்கூடச் சீருடை மாதிரி ஆயிற்று. தலைகள் சாயங்காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டன. பிறகு திறக்கவே யோசித்தன. மணல் மேல் பழுப்பாக ஒரு கொழகொழப்பு படர்ந்து, அதில் நுரைக்குமிழ் வேறு. கொழகொழப்பு என்றால் அழுக்கு. அழுக்கு என்றால் குருணை. இன்னும் இரண்டு கைப்பிடி போட்டேன். கொழகொழப்பு கூடியது. தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினேன். தலைகள் நூற்றுப் பத்தாகின.

விளக்கைச் சந்தேகப்பட்டேன். உப்பைச் சந்தேகப்பட்டேன். சசிரேகா ஏற்றுகிற ஊதுபத்தியைக்கூடச் சந்தேகப்பட்டு, சாமி படத்தைச் சமையலறைக்கு மாற்றச் சொன்னேன். பூஜ்யத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அது என் பெயரோடு ஒட்டிய எண்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விஜயன் போட்டோ போட்டான்.

விஜயன் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் காலனியில் இருக்கிறவன். அவன் தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அவன் தோட்டத்துக்குப் போகாமல் பிக்கப் வண்டி வாங்கினான். கேரட் ஏற்றிக்கொண்டு கூடலூர் வழியாகக் கோழிக்கோடு போவான். இரண்டு வருஷத்துக்கு முன் என் கடைக்கு உர மூட்டை இறக்க வந்தவன், தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் ஒரு மணி நேரம் நகரவில்லை. "அண்ணே, இதெல்லாம் உசுரோட இருக்கா?" என்று மட்டும் நாலு முறை கேட்டான். பெருந்தன்மை பொங்கி, என் பழைய தொட்டியை அவனுக்குக் கொடுத்தேன். கூடவே பொத்தானில் மூணு தலை. பாறை ஓரத்தில், வெளிச்சம் படாத பக்கம், பாதி மூடி, ஒன்று மஞ்சளடித்துப் போன மூணு தலை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்குகிறவன் பார்க்க வேண்டாம். கொடுக்கிறவனுக்குப் பல் எப்படி என்று தெரியாதா?

கோழிக்கோட்டில் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பும்போது விஜயன் கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து வருவான். நான் பாக்கெட் உப்பை எடை போட்டுக் கலக்குகிறவன். "நீ செய்யறது சுத்தமில்ல விஜயா" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அவனும் தலையாட்டியிருக்கிறான். குரூப்பில் அவன் ஒரு முறைகூடக் குப்பி போட்டோ போட்டதில்லை. அன்றைக்கும் போடவில்லை. பாறையைப் போட்டிருந்தான்.

பச்சை. நடுவே பச்சை, சுற்றிலும் ஆரஞ்சு. பாறையே தெரியவில்லை. நான் கொடுத்த மூணு தலை.

போனில் பெரிதாக்கி எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு. மூணாம் முறை எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

"விஜயன்! ஜமக்காளம் விரிச்ச மாதிரி இருக்கு. எனக்கு நாலு தலை குடுக்கணும்!" ஈவ்லின் டீச்சர். போன வருஷம் இதே நாலு தலையை என்னிடம் கேட்டவர். கீழே என் குடிதண்ணீர்க் குப்பியை ஒருவரும் சீண்டவில்லை.

"நேர்ல இன்னும் அழகுங்க" என்றாள் சசிரேகா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"நீ எப்பப் பாத்தே?"

"போன மாசம். மகளிர் குழு மீட்டிங் பிரியா ஊட்டுல."

பிரியா விஜயனின் மனைவி.

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"சொன்னா அன்னைக்குச் சோறு உண்டிருப்பீங்களா?"

அன்றைக்கும் உண்ணவில்லை.

புதன்கிழமை கடையை அரை நாள் மூடிவிட்டு, கீழ்க்கோத்தகிரி பஸ் ஏறினேன். சட்டைப் பையில் கழுவிக் காயவைத்த கண் மருந்துக் குப்பி ஒன்று. அவன் தண்ணீரைக் கொஞ்சம் திருடி வந்து, சோதித்து, அது எவ்வளவு அழுக்கு என்று குரூப்பில் ஆதாரத்தோடு வருத்தப்படுவது திட்டம்.

விஜயன் வீட்டில் தொட்டி டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் பக்கக் கண்ணாடியில் பாசி. வாசலில் பிரியா மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். விஜயன் அவள் பக்கத்தில் குத்தவைத்து, மீன் வயிற்றிலிருந்து முட்டையை மட்டும் வாங்கி வாங்கி உள்ளங்கையில் வைத்தான். எழுந்து உள்ளே வந்து, அதைக் கையாலேயே நசுக்கித் தொட்டியில் போட்டான். தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கியது. அந்தக் கலங்கலுக்குள் என் பொத்தான்கள், மன்னிக்கணும், அவன் பொத்தான்கள், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த கூட்டம் மாதிரி விரிந்துகொண்டு நின்றன.

"ஏன்டா, மத்தி முட்டையா!"

"ஆமாண்ணே. மிச்சம் எங்களுக்குக் கொழம்பு."

பிரியா டீ போடப் போனாள். விஜயன் முகம் கழுவப் போனான். நான் குப்பியை முக்கித் தண்ணீரைத் திருடினேன். மூடியைத் திருகுவதற்குள் பாதி என் சட்டையில் சிந்தியது. உரக்கடைக்காரனாகப் பிறந்தது நல்லதாயிற்று. திருட்டில் எனக்கு எதிர்காலம் இருந்திருக்காது.

திரும்பி வந்த விஜயன் என் எதிரே கைகட்டி நின்றான்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளு."

"நானும் சோதனைக் கிட்டு வாங்கினேன். ஒரு தடவதான் போட்டுப் பாத்தேன். நீலமா வந்துச்சு. வெக்கமாப் போச்சு, எடுத்து வெச்சுட்டேன். அதான் குரூப்ல குப்பி போடறதில்ல. உங்கள மாதிரி பூஜ்யம் வரணும்னா என்னண்ணே செய்யணும்?"

இருநூற்றுப் பதினாறு தலைக்கு முன்னால் நின்றுகொண்டு, நூற்றுப் பத்துத் தலைக்காரனிடம் கேட்கிறான். இருபத்திரண்டு வருஷம் உரம் விற்றவனுக்கு அந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. கதவைத் தட்டியது. நான் திறக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே வேறொருத்தன் உட்கார்ந்து வயிறெரிந்துகொண்டிருந்தான்.

"உங்கிட்ட எனக்கென்ன ஒளிவு மறைவு?" என்றேன். "எங்கிட்டப் புதுசா ஒரு பை குருணை இருக்கு. நாளைக்கு பஸ் டிரைவர்கிட்டக் குடுத்து விடறேன். இந்த மத்தி முட்டைய மொதல்ல நிறுத்து. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்."

"நீங்க பெரிய மனுசன்ணே."

வீட்டுக்கு வந்து திருட்டுத் தண்ணீரைச் சோதித்தேன். நல்ல நீலம். மனசுக்குள் குளிர்ந்தது. குரூப்பில் போட்டால் திருடியது தெரிந்துவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை எட்டரை பஸ்ஸில் குருணைப் பை போயிற்று. அவனுக்கு நான் இதுவரை கொடுத்ததிலேயே தாராளமான பொருள் அதுதான்.

அடுத்த இரண்டு வாரத்தில் என் பொத்தான் அறுபதுக்கு இறங்கியது. மூடின தலை மூடினபடி சுருங்கும். பிறகு கரையும். ஒரு நாள் பார்த்தால் அந்த இடத்தில் பாறை மட்டும் இருக்கும். எட்டாக வந்து நூற்று நாற்பதாக வளர்ந்தது என் கண் முன்னால் திரும்பி நடந்துகொண்டிருந்தது. காலையில் விளக்கைப் போடவே பயமாக இருந்தது.

அப்போதுதான் ஜானகியக்கா கடைக்கு வந்தார். மேலட்டியில் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறவர். முந்தானையில் முடிந்திருந்த நாலு இலையை எடுத்து மேஜை மேல் போட்டார். மஞ்சளடித்த இலை.

"பாரு தம்பி. ஏன் இப்படி ஆகுதுன்னு சொல்லு. பக்கத்துல அந்தத் தரணிதரன் தோட்டம் கருகருன்னு நிக்குது. பாத்தா வயிறு எரியுது."

"கவாத்து பண்ணினீங்கல்ல, வெட்டின கெளையெல்லாம் என்ன பண்ணினீங்க?"

"வெறகுக்கு எடுத்துட்டேன். எலை தழையெல்லாம் கூட்டி அள்ளி வெளிய கொட்டிட்டேன். என் தோட்டத்துல வந்து பாரு, எலை போட்டுச் சோறு உண்ணலாம். அவன் தோட்டம் குப்பைமேடு. வெட்டினத வெட்டின எடத்துலயே போட்டு வெச்சிருக்கான், சோம்பேறி."

இந்த வசனத்தை வருஷத்துக்கு முப்பது பேர் என்னிடம் சொல்வார்கள். வருஷத்துக்கு முப்பது முறை நான் சொல்கிற பதில் வாயிலிருந்து தானாக ஓடியது.

"அந்தக் குப்பைதான்க்கா செடிக்குச் சாப்பாடு. நீங்க சுத்தம் சுத்தம்னு சோத்தையும் சேத்துக் கூட்டிக் கொட்டிட்டீங்க. பட்டினி போட்டா வெளுக்காம என்ன..."

நின்றுவிட்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் உர மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூட்டையிலும் கொட்டை எழுத்தில் பாஸ்பேட், பாஸ்பேட், பாஸ்பேட் என்று அச்சடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதில் சாய்ந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏந்தம்பி நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்லக்கா. அடுத்த கவாத்துக்குக் கிளைய அங்கியே போடுங்க. எப்படிப் பரப்பறதுன்னு தரணிதரனையே கேட்டா சொல்வாரு."

"அவங்கிட்டப் போயி, எனக்குத் தெரியாது நீ சொல்லுன்னு கேக்கறதா?" ஜானகியக்கா இலைகளைத் திரும்ப முடிந்துகொண்டார். "அதுக்குச் செடி மஞ்சளாவே இருந்துட்டுப் போவட்டும்."

அவர் போனதும் கடைக்குள் வேறு ஆள் இருக்கும்போதே வீட்டுக்குள் ஓடினேன். வலைப்பையை உருவி வெளியே போட்டேன். மூணு மீனுக்கும் கைநிறையத் தீனி போட்டேன். அவை நம்பவில்லை. கோமாளி மீன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து என்னைப் பார்த்தது. ஒரேயடியாக ஏற்றினாலும் ஆபத்து என்று பிறகுதான் நினைவு வந்தது. செடியானாலும் அப்படித்தான். அதனால் காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று வைத்தேன். வெள்ளிக்கிழமை குப்பியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவு ஒரு நீலம். இரண்டு வருஷத்தில் முதல் நீலம். உடனே யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. யாருக்குக் காட்டுவது? சீரோ சிவகுரு நீலத்தைக் காட்டினால் சிரிக்க மாட்டார்களா?

அந்த நேரம் பார்த்து விஜயனிடமிருந்து செய்தி வந்தது. குரூப்பில் இல்லை, தனியாக எனக்கு.

'அண்ணே, பை போட்டுப் பதினாறு நாள். குப்பியில பூஜ்யம் வந்துருச்சு! பொத்தான் மட்டும் கொஞ்சம் மூடிக்குது, நெறம் மங்குது. பழகிடும்தானே?'

கீழே போட்டோ. ஜமக்காளத்தில் அங்கங்கே ஓட்டை.

இங்கே என் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பதில் எனக்குத் தெரியும். 'பையை எடு' என்று இரண்டு வார்த்தை. அதை அடித்தேன். பிறகு யோசித்தேன். எடு என்றால் ஏன் என்பான். ஏன் என்றால் என் பூஜ்யத்தின் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதத்தில் அவன் தொட்டியும் என் தொட்டியும் ஒரே மாதிரி இருக்கும். அதற்குள் என்னுடையது தேறிவிட்டால்? இரண்டு வார்த்தையையும் அழித்தேன். 'பழகிடும்' என்று ஒரே வார்த்தை போட்டு அனுப்பினேன்.

இரண்டு கை கூப்பின படம் வந்தது. 'நன்றிண்ணே.'

அவன் திட்டியிருந்தால் செரித்திருக்கும். அந்தக் கூப்பின கை செரிக்கவில்லை. வெள்ளி ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை மதியமும் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, மீனுக்கு மூணு வேளையும் சோறு போடறீங்க. நீங்க உண்ண மாட்டேங்கறீங்க. என்ன சங்கதி?"

"பசியில்ல."

"பிரியா போன் பண்ணிருந்தா. விஜயண்ணன் ரெண்டு வாரமா தொட்டிக்கு மத்தி முட்டை போடறதில்லையாம். மீனெல்லாம் கண்ணாடிய முட்டிக்கிட்டு நிக்குதாம். ஏன்னு கேட்டா, சிவகுருண்ணன் சொல்லிட்டாரு, அதுக்கு மேல பேச்சில்லைங்கறாராம்." சசிரேகா என் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். "இந்த மலையில உங்க பேச்சைக் கேக்கற ஒரே ஆளுங்க அவரு."

அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாமலேயே இப்படிச் சொல்கிறவள், தெரிந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்து, சோற்றைப் பிசைந்து விழுங்கினேன்.

ஞாயிறு முதல் பஸ். எல்லாரும் குப்பி போட்டோ போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் விஜயன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். அவன் தொட்டி முன்னால் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி என்னுடையது மாதிரிப் பளபளவென்று இருந்தது. உள்ளே பாதித் தலைகள் மூடிக் கிடந்தன. மூலையில் மணல் மேல் பழுப்பாக, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கொழகொழப்பு.

வாங்கண்ணே என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஸ்வெட்டரோடு கையை முழங்கை வரை விட்டு, பின்பக்கம் தொங்கிய பையை உருவி எடுத்தேன். பை, தண்ணீர், ஸ்வெட்டர் எல்லாம் சேர்ந்து தரையில் சொட்டியது.

"அண்ணே! என்ன பண்றீங்க?" வாயில் பேஸ்ட் நுரையோடு கத்தினான்.

"இது வேண்டாம் விஜயா. பட்டினி போட்டுட்டோம். பாஸ்பேட் சுத்தமா இல்லைன்னா பவளம் செத்துரும். கொஞ்சம் இருக்கணும். உன்னோடது சரியா இருந்துச்சு. நான்தான் தப்பு. எங்கூட்டுல நூத்து நாப்பது இப்ப அம்பத்தி மூணு."

அவன் வெளியே போய் வாய் கொப்பளித்துவிட்டு நிதானமாக வந்தான். தொட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"முந்தாநாள் பழகிடும்னீங்களே."

"ஆமா."

"அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"பை குடுத்து விட்டப்ப?"

"அப்பத் தெரியாது. சந்தேகம் இருந்துச்சு. உன்னோடது கொஞ்சம் வெளுத்தாப் பரவால்லைன்னு இருந்துச்சு." ஸ்வெட்டர் கையிலிருந்து தண்ணீர் என் காலில் விழுந்துகொண்டிருந்தது. "இருநூத்திப் பதினாறு தலை விஜயா. ரெண்டு தடவ எண்ணினேன்."

சமையலறை வாசலில் பிரியா கரண்டியோடு நின்றிருந்தாள். விஜயன் துண்டால் வாயைத் துடைத்தான். அவன் கேரட் மூட்டை தூக்குகிற ஆள். என்னை ஒரு கையால் தூக்கி ரோட்டில் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன்.

"இருநூத்தி முப்பத்தியொண்ணு" என்றான் கடைசியில். "உங்களுக்கு எண்ணத் தெரியல."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நான் மட்டும் என்ன ஒழுங்குங்கிறீங்க? அந்தப் போட்டோவ எதுக்குப் போட்டேன்? உங்களுக்காகத்தான் போட்டேன். அன்னைக்கு மூணு தலை குடுத்தீங்களே, பூரான் கடிச்ச மாதிரி. ஒண்ணு மஞ்சளடிச்சுக் கெடந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் இவளே கேட்டா, அவ்வளவு நல்லது நெறைய இருக்கையில இதத் தேடிப் புடிச்சுக் குடுத்தாரான்னு. ரெண்டு வருசமா மனசுல வெச்சிருந்தேன். நல்லா வளத்துக் காட்டணும்னு."

"காட்டிட்டே."

"காட்டிட்டு, அந்தப் பூஜ்யமும் வேணும்னு ஆசப்பட்டேன் பாருங்க. அதுக்கு வேணும் எனக்கு."

"ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்கன்னா, இந்த மீனுக்கு யாராவது சோறு போடுங்க" என்றாள் பிரியா. ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. மத்தி முட்டை. பதினெட்டு நாளாக அவள் ஒளித்துச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு சிட்டிகை போட்டோம். ஒரேயடியாக வேண்டாம் என்று நான் சொன்னேன். விஜயன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஆனால் கேட்டுக்கொண்டான்.

கிளம்பும்போது "இருங்கண்ணே" என்று கையுறை மாட்டினான். பொத்தானை வெட்டும்போது அதன் விஷம் தெறிக்கும் என்பதால் கண்ணுக்கும் கண்ணாடி. சின்ன உளியால் பாறை ஓரத்தில் நெம்பி, பால் தூக்கில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தான். "உங்கூட்டுக்குத்தான். எடுத்துட்டுப் போங்க."

பஸ்ஸில் உட்கார்ந்து தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தேன். மூணு தலை. வெளிச்சம் படாத பக்கத்தில் தேடிப் பிடித்தது. பாதி மூடியிருந்தது. ஒன்று மஞ்சளடித்திருந்தது.

கண்டக்டர் ஏன் சார் தனியாச் சிரிக்கிறீங்க என்று கேட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு என் குப்பியைக் குரூப்பில் போட்டேன். இளநீலம். இரண்டு நிமிஷத்தில் ஈவ்லின் டீச்சர்: "சிவகுரு சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" நடந்ததை எழுதினேன். குருணை, பட்டினி, மத்தி முட்டை எல்லாவற்றையும். 'பழகிடும்' என்றதை மட்டும் எழுதவில்லை. அதை விஜயன் எழுதுவான் என்று நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அவனுடைய குப்பியை முதல்முறையாகப் போட்டான். என்னுடையதைவிடக் கொஞ்சம் கூடுதல் நீலம். அவ்வளவுதான்.

இப்போது மூணு மாதம் ஆகிறது. விஜயன் தொட்டியில் நாற்பது தலைக்கு மேல் செத்துப் போயின, மற்றவை திரும்ப விரிந்துவிட்டன. என் பழைய கூட்டம் அப்படி இல்லை. குருணையை எடுத்த பிறகும் சில நாள் கரைந்துகொண்டேதான் இருந்தது. பதினொன்றில் நின்றது. பாறையின் வலது பக்கம் ஒண்டிக்கொண்டு, இன்னும் முழுசாகப் பச்சை வராமல், மருந்து குடிக்கிற பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. இடது பக்கம் அந்தப் பூரான் கடித்த மூணு தலை. அது ஒன்பதாகிவிட்டது. ஆரஞ்சு விளிம்பு, பச்சை நடு, என்னவோ ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி.

நேற்றுச் சாயங்காலம் சசிரேகா டீ டம்ளரோடு வந்து தொட்டி முன்னால் நின்றாள். அபூர்வம். இடது பக்கத்தைக் கை காட்டினாள்.

"இது விஜயண்ணன் குடுத்ததுங்களா?"

"ம்."

"அதான் நல்லா வருது" என்றாள்.

விஜயன் கோழிக்கோட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்த மத்தி முட்டை ஃபிரிட்ஜில் இருந்தது. கொஞ்சம் கிள்ளி நசுக்கினேன். இடது பக்கம் ஒரு சிட்டிகை விட்டேன். அவள் சமையலறைக்குப் போகும் வரை காத்திருந்து, வலது பக்கம் இரண்டு சிட்டிகை விட்டேன்.